பயிற்சிக்கு நட்ட கற்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். அதில் களப்பயிற்சிப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. அடையாளத்துக்கு மரக்குச்சி மட்டுமே பயன்படுத்த வேண்டும், கல் நடக்கூடாது, நட்ட குச்சியை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்து, "இது என்ன மேடம், சிமெண்ட் கம்பெனிக்காரன் மேல கோபமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பதில் சொல்ல அப்போது தெம்பில்லை. இப்போதும் பெரிதாகத் தெம்பு வந்துவிடவில்லை. ஆனால் அந்த விதியை எழுதியவள் நான்தான் என்பதால் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

என் கடைசிச் சில வருஷங்கள் பயிற்சிப் பிரிவில் கழிந்தன. பல ஊர் விமான நிலையங்களில் வேலை பார்க்கும் இளம் அதிகாரிகளை அழைத்து வந்து, திட்டமிடலும் மேலாண்மையும் சொல்லிக்கொடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புவோம். வகுப்புகள் கடலூரில். விமானத்தைத் தலைக்கு மேலே புள்ளியாகப் போகும்போது மட்டுமே பார்த்திருக்கும் ஊரில் விமான நிலையப் பயிற்சியா என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் இயக்குநரிடம் நானும் கேட்டேன்.

"இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, இருக்கிறதைப் பாத்துக் காப்பியடிப்பானுங்க. இல்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போ. அப்பத்தான் மூளை வேலை செய்யும்" என்றார். விடுதி வாடகை மலிவு என்பதும் ஒரு காரணம். அதை அவர் சொல்லவில்லை.

கடைசி இரண்டு வாரமும் களப்பயிற்சி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் ஒரு சிறிய விமான நிலையம் வரப்போவதாக வைத்துக்கொண்டு, குழு குழுவாகப் பிரிந்து இடம் தேட வேண்டும். எல்லாம் காகிதத்தில்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, செம்மங்குப்பம் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் குறுக்கே வருமா, மழைத் தண்ணீர் எங்கே வடியும், பயணிகள் எங்கிருந்து வருவார்கள் என்று யோசித்து, ஓர் இடத்தைச் சொல்லி, அது ஏன் என்று தேர்வுக்குழு முன் வாதாட வேண்டும். மதிப்பெண் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு கலைந்துவிடுவோம். வருஷா வருஷம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்துக் குழுவில் ஜாபர் வந்து சேர்ந்தான். பரங்கிப்பேட்டைப் பையன். கெட்டிக்காரன், பேச்சில் கொஞ்சம் அவசரம். வீட்டில் வாப்பா, இரண்டு அண்ணன்கள், மாமா எல்லாரும் வெளிநாட்டில். ஒவ்வொருவரும் விடுமுறைக்கு வரும்போதும் போகும்போதும் வீடே வேன் பிடித்துச் சென்னைக்குப் போய் வரும்.

"எங்கம்மா வாழ்க்கையில பாதியை அந்த வேன்லயே அழுது தீத்துட்டாங்க மேடம்" என்று ஒரு நாள் சொன்னான். "பக்கத்துலயே ஒரு ஏர்போர்ட் இருந்தா, அழுதுட்டு அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்து சோறாக்குவாங்க."

மற்றவர்களுக்கு அது தேர்வு. அவனுக்கு அது நிஜம். நான் அதைக் கவனித்தேன், சந்தோஷப்பட்டேன். இவ்வளவு ஆர்வமாக ஒருவன் படிக்கிறானே என்று ஆசிரியருக்கு வரும் அசட்டுச் சந்தோஷம் அது.

அவன் குழு தேர்ந்தெடுத்த இடம், சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். மற்ற குழுக்கள் நாலு குச்சி நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அண்ணாமலை நகர் லாட்ஜுக்குத் திரும்பிப் படுத்துவிட்டன. ஜாபர் குழு மட்டும் சிமெண்டில் கல் வார்த்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் எண் எழுதி, ஓடுபாதையின் நடுக்கோடு நெடுகிலும் வரப்பு வரப்பாக நட்டுவிட்டு வந்தது. அவ்வளவு நேர்த்தியான கற்களை நிஜத் திட்டத்தில்கூட நான் பார்த்ததில்லை. முழு மதிப்பெண் கொடுத்தோம்.

அவர்கள் அறிக்கையில் ஒரு பட்டியல் உண்டு. திட்டத்தால் பாதிக்கப்படுவோர் யார், அவர்கள் நிலைப்பாடு என்ன என்று எழுத வேண்டும். நான் வகுப்பில் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொடுத்த பாடம். 'உள்ளூர் மக்கள்' என்ற இடத்துக்கு எதிரே 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதியிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் முழு மதிப்பெண்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது ஜாபர் என் அறை வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"மேடம், அந்த ஊர்ல யாரும் நாத்தங்கால் போடல. வாய்க்கால்ல தண்ணி வந்து ஒரு வாரம் ஆச்சாம். எங்க மாமா அந்தப் பக்கம் போயிட்டு வந்து சொன்னாரு. ஏர்போர்ட்டுக்கு நெலம் எடுக்கப் போறாங்க, இனிமே எதுக்கு வெதைக்கணும்னு உக்காந்திருக்காங்களாம்."

ஊர்ப்பக்கம் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பகுதியில் வாய்க்கால் தண்ணீர் வந்ததும் நாற்று விட்டுவிட வேண்டும். தள்ளிப் போட்டால் நாற்று சின்னதாக இருக்கும்போதே ஐப்பசி மழை வந்து அழுத்திவிடும். அந்த வருஷச் சாப்பாடு அத்தோடு போச்சு. எங்கள் மஞ்சள் கற்கள் ஓர் ஊரின் சம்பாவை நிறுத்தி வைத்திருந்தன.

உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஊர் முகப்பில் ஒரு டீக்கடை. அங்கே பத்துப் பேர் கூடினார்கள். இது வெறும் பயிற்சி, தேர்வுக்காகச் செய்தது, விமான நிலையம் எதுவும் வரவில்லை, தயவு செய்து விதையுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நான் திரும்பி ஜீப்பில் ஏறும்போது அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இல்லைன்னு சொல்றதுக்கு ஜீப் போட்டுக்கிட்டு ஆபீசரே வர்றாங்கன்னா, உறுதி ஆயிடிச்சின்னு அர்த்தம்."

அப்படியானால் கற்களைப் பிடுங்கிவிடலாம் என்று ஜாபரும் அவன் குழுவும் மறுநாள் காலையில் போனார்கள். பட்டப்பகலில் ஊர் பார்க்க எல்லாக் கற்களையும் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். அதன் பலன், ரன்வேயைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, அதுவரை விதைத்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். ஜாபர் போனில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று மதியம் தனியாகப் பஸ்ஸில் போனேன். நடுக்கோட்டில் முதல் கல் இருந்த வயலுக்குச் சொந்தக்காரி தேவகி. அவர் கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. விவசாயம் முழுக்க தேவகியின் பொறுப்பு. என்னை விடப் பதினைந்து வயதாவது சின்னவர். வரப்பில் உட்கார்ந்திருந்தார். உழுது சேறாக்கி வைத்த நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. விதை மட்டும்தான் பாக்கி.

"ஏம்மா வெதைக்கல?" என்றேன்.

"எங்கக்கா ஊர்ல ரோடு போட்டாங்க மேடம். கதிர் வந்த பயிரு மேலயே வண்டிய ஏத்துனாங்க. எங்கக்கா அன்னிக்கு விழுந்து அழுததை நான் கிட்ட இருந்து பாத்தவ. அதுக்கு வெதைக்காமயே இருந்துடலாம்."

"நான்தான் சொல்றேனே. இது பசங்க பரீட்சைக்கு நட்ட கல்லு."

"நீங்க நல்லவங்களாத்தான் தெரியறீங்க" என்றார் தேவகி. "ஆனா அன்னிக்கி எங்கக்காகிட்ட வந்து ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னவரும் நல்லவராத்தான் இருந்தாரு."

வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். அவரே ஒரு வழி சொன்னார்.

"ஒண்ணு செய்யுங்க. எடுத்துக்கப் போற நெலத்துல எந்த ஆபீசரும் எறங்கி வெதைக்க மாட்டாங்க. வெதைச்சா அவுங்க வேலைக்கே ஆபத்து. நீங்களும் உங்க பசங்களும் வந்து இதுல வெதைங்க. நாலு பேரு பாக்கட்டும். அப்ப நம்பறோம்."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரியான கணக்கு. அதிகாரிகளின் வாய் எப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் கை எதைச் செய்யாது என்பதும் தெரியும். நான் உடனே சரி என்றேன்.

"வெதை நெல்லை இன்னிக்கே ஊற வெச்சிடறேன்" என்று எழுந்தார். "ஊற வெச்சி மொள கட்டிட்டா அப்பறம் நிறுத்த முடியாது. நாளன்னிக்கி காலையில வரலைன்னா என் வெதையும் போச்சி. பாத்துக்கங்க."

இயக்குநரிடம் அனுமதி வாங்க வேண்டும். வண்டி அவர் கையில், பயிற்சிக்கு வந்தவர்களும் அவர் பொறுப்பில். மறுநாள் காலை கடலூர் அலுவலகத்தில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்த மனிதர். முப்பது வருஷத்தில் எந்தக் கோப்பிலும் வாலை நீட்டி மாட்டிக்கொள்ளாதவர். நான் சொல்லி முடிக்கும் வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அங்க ஏர்போர்ட் வராதுன்னு சொல்ல நீ யாரு?" என்று கேட்டார். "நமக்கு அந்த அதிகாரம் கிடையாது. வரும்னும் சொல்லக்கூடாது, வராதுன்னும் சொல்லக்கூடாது."

"சார், இன்னும் நாலு நாள் போனா அவுங்களுக்கு ஒரு போகம் போயிடும்."

"தெரியுது. நான் சொல்றதையும் கேளு. இன்னைக்கு நீ போய், இந்தக் கல்லை நம்பாதீங்கன்னு சொல்லிட்டு வந்துடுவே. நாளைக்கு வேற எவனாவது கல்லோட வருவான். அப்ப யாரு போயி, இதை நம்புங்கன்னு சொல்றது?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. சீட்டில் உட்கார்ந்தே வாழ்க்கையை ஓட்டியவர் பேசும் பேச்சு என்று நினைத்தேன். எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"வண்டி எடுத்துட்டுப் போ. கூடுதல் களப்பயிற்சின்னு எழுதிக்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

இப்படிப்பட்டவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் அளவில் அது மிகப் பெரிய சம்மதம்.

விதைக்கப் போன அந்தக் காலையைப் பற்றி நினைத்தால் இப்போதும் மனசு லேசாகும். இருபதுக்கு மேற்பட்ட அதிகாரிகள் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரிசையாகச் சேற்றில் இறங்கினோம். மண்ணின் தாங்குதிறன் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருந்த ஒருவன் இரண்டாவது அடியிலேயே புதைந்து, அவனை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இன்னொருவன் விதையைப் பந்து மாதிரி வீசினான்.

"எறியாதீங்க சார், தூவுங்க. அது என்னா கல்லா?" என்றார் தேவகி.

கல் என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஜாபரைத் தவிர. அவன் ஒரு ஓரமாக நின்று, பார்த்துப் பார்த்துத் தூவிக்கொண்டிருந்தான். தன் அம்மாவுக்காக அவன் மனசில் கட்டிய விமான நிலையத்தின் மேலேயே விதைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் ஒரு கூடை விதையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். முளைகட்டிய நெல் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

வரப்பு முழுக்க ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. டீக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி வந்திருந்தார். கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப ஏர்போர்ட் இல்ல போலருக்கு" என்றார். குரலில் ஏமாற்றம்தான் ஜாஸ்தி. கடையைப் பெரிதாக்கி பரோட்டா போடலாம் என்று திட்டம் வைத்திருந்தாராம்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வீடு விதை நெல்லை ஊற வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் நல்ல விளைச்சல். தேவகி அறுவடை முடிந்ததும் போன் செய்தார். "மேடம், உங்க ரன்வே நல்லா வெளஞ்சிருக்கு" என்றார். அந்த வயலுக்கு ஊரில் ஏர்போர்ட் வயல் என்றே பெயர் ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் விதைப்புக்கு முன்னால் போன் வரும். "வந்து ஒரு கை போட்டுட்டுப் போங்க மேடம், உங்க கை ராசியான கை" என்பார். ஒரு வருஷம் போனேன். மற்ற வருஷங்களில் அடுத்த தடவை பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். கையேட்டில் அந்த விதியையும் எழுதிச் சேர்த்தேன். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்வேன். எல்லாரும் கை தட்டுவார்கள். மக்கள் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம் என்று என்னைப் பாராட்டியவர்கள் உண்டு.

கதையின் இந்தப் பாதியைத்தான் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மீதியை நான் வகுப்பில் சொன்னதில்லை. அது நடந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், அதே விதைப்புக் காலத்தில், தேவகியின் போன் வந்தது. விதை முளை கட்டியாகிவிட்டது, நாளைக்கு விதைப்பு, ஒரு கை போட வர வேண்டும் என்றார். நான் வழக்கம் போல முட்டி வலியைச் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா மேடம், இந்தத் தடவை எந்த பேட்ச்? நல்ல பசங்களா இருந்தாங்க. வெயில்ல கல்லு நட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு மோர் கரைச்சிக் குடுத்தேன். உங்க மேடத்தைக் கேட்டதா சொல்லுங்கன்னு சொன்னேன், முழிச்சானுங்க."

"எந்தப் பசங்க?"

"கல்லு நட்டாங்களே. சித்திரை முடிஞ்சி வந்தாங்க."

அந்த வருஷம் பயிற்சி கடலூரில் நடக்கவே இல்லை. அதை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். கல் என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளை என்றார். ஆட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அசையவே இல்ல மேடம். இந்த பேட்ச் நல்லா ஆழமா நட்டிருக்காங்க" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நேராக ஊருக்குப் போகவில்லை. சிதம்பரத்தில் இறங்கி, நிலமெடுப்பு விவரம் தெரியும் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். புதிய சாலை. பத்திரிகையில் அறிவிப்பு வந்து, ஆட்சேபணை சொல்லக் கொடுத்த நாட்களும் முடிந்துபோயிருந்தன. பக்கத்து ஊர்களில் கல்லைப் பார்த்த அன்றே திரண்டு போய் மனு கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் கோட்டைக் கொஞ்சம் வளைத்துக்கூடப் போட்டார்களாம். தேவகியின் ஊரிலிருந்து ஒரு மனுவும் இல்லை.

"அந்த ஊர்ல மட்டும் யாருக்கும் ஆட்சேபணையே இல்ல மேடம், ரொம்ப நல்ல ஜனங்க" என்று அங்கிருந்தவர் சந்தோஷமாகச் சொன்னார்.

'எதிர்ப்பு இல்லை.' ஜாபர் குழு எழுதி, நான் முழு மதிப்பெண் போட்ட வரி. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தது. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் போய் நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவும் வழியில்லை.

அப்படியென்றால் அன்றைக்கு நான் விதைத்தது தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் இறங்கித்தான் விதைப்பேன். இல்லாவிட்டால் ஒரு போகம் போயிருக்கும். சரியாகச் செய்த வேலைக்கு இப்படி ஒரு வால் முளைக்கும் என்பதைத்தான் இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்ன ஒருவரையும் நான் கோழை என்று நினைத்தேன். அந்த அலுப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வயலுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. நாற்றங்காலில் தண்ணீர் மினுங்கியது. வரப்பில் கூடை கூடையாக முளைகட்டிய விதை. எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் உட்பட அக்கம் பக்கத்தவர்கள் நின்றார்கள். நான் ஒரு கை போட்டால் தாங்களும் விதைக்கலாம் என்று வருஷா வருஷம் ஒரு சாங்கியம் மாதிரி ஆகியிருந்ததாம். நான் வராத வருஷங்களில் என் பெயரைச் சொல்லி தேவகியே போடுவாராம். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, நாற்றங்காலுக்கு நடுவில், வெள்ளைக் கல் நின்றது. அதன் தலையில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

தேவகியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இது பசங்க கல் இல்லை, நிஜம், ரோடு வருகிறது, ஆட்சேபணைக்கு நாள் முடிந்துவிட்டது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இல்ல மேடம். அன்னிக்கும் இப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க."

"அன்னிக்கு நான் இல்லைன்னு சொன்னேன். இன்னிக்கு நானே ஆமான்னு சொல்றேன்."

"நீங்க ஆபீசுலயே இல்ல இப்ப. உங்களுக்குச் சரியாத் தெரியாம இருக்கும்."

அலுவலகத்தில் கேட்ட எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்து விசாரணை ஒன்று இருக்கிறது, கிணறு, மரம், மோட்டார் கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்க அதுதான் கடைசி வாய்ப்பு, ஊரே போக வேண்டும், அதையாவது விடக்கூடாது என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குனிந்து ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"மொள விட்டுடிச்சி மேடம். எங்கியாவது போட்டுத்தான் ஆவணும். நீங்க ஒரு கை போட்டா எல்லாம் சரியாயிடும். எறங்குங்க."

வரப்பு முழுக்க ஊர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்தார். நான் இறங்கினால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வீடு விதை ஊறும், விசாரணைக்கு ஒருத்தரும் போக மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்த ஊர் என்னிடம் கேட்டது வாய்ப்பேச்சை அல்ல. வாயால் சொல்லி இப்போதும் பயனில்லை.

தேவகி கூடையை நீட்டியபடியே நின்றார். அந்த விதை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொள்ள வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது.

நான் செருப்பைக் கழற்றவில்லை. வரப்பின் மேலேயே நின்றேன்.

முதலில் புரிந்துகொண்டவர் டீக்கடைக்காரர்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்து வேகமாக நடந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். தேவகி கூடையைக் கீழே வைத்துவிட்டு, குங்குமம் வைத்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு ஊரே போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். தேவகியிடமிருந்து அதற்கப்புறம் போன் வரவில்லை.